தானாய்ச் சாத்துகிற படலை

வதனிக்கு என்ன நடந்தது என்று டென்மார்க்கின் கோல்டிங்கில் ஒரு கதை ஓடுகிறது, ஒடென்சேயில் இன்னொரு கதை ஓடுகிறது. கோல்டிங் கதையில் குதிரை உதைத்துவிட்டது. ஒடென்சே கதையில் குதிரை கடித்துவிட்டது. பெண்பிள்ளையைக் குதிரையில் ஏறவிட்ட தகப்பனுக்கு மூளை இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. போன மாதம் ஒரு கலியாண வீட்டில், கையில் சோற்றுக் கோப்பையோடு நின்ற என்னிடமே ஒருவர் என் மகளின் கதையைச் சொன்னார். நான்தான் தகப்பன் என்று அவருக்குத் தெரியாது. அவர் கதையில் பிள்ளைக்கு ஒரு சிறுநீரகமே போய்விட்டிருந்தது. கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன். நானே எழுதிவிடுவது நல்லது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

குதிரை ஒன்றும் செய்யவில்லை. என் மகளை அடித்தது ஒரு படலை, வேலியில் போடுகிற கதவு. அந்தப் படலையைச் செய்தவன் நான்.

கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே யென்ஸ் என்பவரின் குதிரைப் பண்ணையில் எனக்கு வேலை. ஊரில் நான் இரும்பு ஒட்டுகிற வெல்டிங்காரன். இங்கேயும் தொட்டி, வேலி, வண்டி என்று எது உடைந்தாலும் என் கைக்குத்தான் வரும். இராசநாயகம் என்று முழுதாகச் சொல்ல யென்சுக்கு வாய் வராது, அதனால் அவருக்கு நான் ராசா. பண்ணையின் மேய்ச்சல் நிலத்தை வெட்டிக்கொண்டு காட்டுக்கு ஒரு பாதை போகிறது. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் அந்தப் பாதையிலுள்ள இரும்புப் படலையைத் திறப்பார்கள், சாத்தமாட்டார்கள். இரண்டு தரம் குதிரைகள் பெருந்தெருவுக்கு ஓடிவிட்டன. யென்ஸ் பலகையில் எழுதிப் போட்டார். ஒருவரும் வாசிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆடு மாடு வளவுக்குள் வராமலிருக்கப் படலையில் கயிறு கட்டி, மற்ற நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிடுவார்கள். திறந்தவர் கையை விட்டால் கல் இறங்கும், படலை தானாய்ச் சாத்தும். அதையே நான் இங்கே செய்தேன். பெயின்ற் வாளி ஒன்றுக்குள் சீமெந்து நிரப்பி, வயரில் கட்டி, தூணில் கப்பி வைத்துத் தொங்கவிட்டேன். கையை விட்டால் போதும், படலை ஓடிவந்து ‘டாண்’ என்று தூணில் அடித்து நிற்கும். யென்ஸ் அயலவர்களைக் கூட்டிவந்து காட்டினார். அவருடைய மனைவி எனக்காகக் கேக் சுட்டார். இரண்டு கிழமை நான் தரையில் நடக்கவில்லை.

அந்தப் பண்ணையிலேயே வதனி குதிரை ஓடப் பழகினாள். முல்லே என்று ஒரு கிழட்டுப் பெண் குதிரை, குட்டையானது, நல்ல சாது. குதிரையின் மேலிருந்து குனிந்தால் படலையின் தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டாது. ஒவ்வொரு தரமும் இறங்கி ஏறவேண்டும். பார்க்கப் பாவமாயிருந்தது. தாழ்ப்பாளோடு சேர்த்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு பட்டை இரும்பை ஒட்டிக் கைபிடி ஆக்கிக் கொடுத்தேன். நாற்பது மில்லிமீற்றர் அகலப் பட்டை. மகளுக்காகத்தான் செய்தேன்.

நடக்கிற மனிதன் தானாய்ச் சாத்துகிற படலையைத் தள்ளுவான், இரண்டு எட்டு வைப்பான், வெளியே போய்விடுவான். குதிரையில் போகிறவருக்கு அப்படியில்லை. ஒரு கையில் கடிவாளம். மற்றக் கையால் குனிந்து தாழ்ப்பாளை விலக்க வேண்டும், படலையைத் தள்ள வேண்டும், தள்ளியதைப் பிடித்துக்கொண்டே குதிரையைத் திருப்பி நடத்த வேண்டும். தலை வெளியே போன பிறகும் குதிரையின் முக்கால் உடம்பு உள்ளேதான் நிற்கிறது. கை நழுவினால் படலை அதன் பின்தொடையில் வந்து அடிக்கும். அடி வாங்கிய குதிரை பின்னால் திரும்பி விசாரிக்காது, பாயும். குனிந்திருப்பவர் அந்த நேரத்தில் குதிரைக்கும் இரும்புக்கும் நடுவில் இருப்பார். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது நான் அந்தப் படலையை ஐம்பது தரம் சோதித்துப் பார்த்தேன், ஐம்பது தரமும் நடந்து போய்த்தான் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் டென்மார்க்குக்கு அகதியாய்த் தனியே வந்தவன். வதனிக்கு அப்போது நாலு வயது. மனைவி புஷ்பத்தையும் அவளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். பதில் வரவில்லை. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை அமைச்சில் வேண்டுமென்றே தொடாமல் அலுமாரிக்குள் வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அவர்கள் வந்து சேரும்போது வதனிக்கு எட்டு வயது. நான் சொல்கிற அந்த ஒக்டோபரில் அவளுக்குப் பதினொன்று. தமிழர் வழக்கு என்று பேப்பரிலும் ரீவீயிலும் அதைப் பற்றிய விசாரணைதான். சனிக்கிழமைகளில் எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் நாலைந்து பேர் கூடுவோம், கதை முழுக்க அதுதான். அதில் பெரிய வாய் என்னுடையது. “ஒரு பிழை விட்டாப் போதும், எங்கட ஃபைலைத் திரும்ப அலுமாரிக்குள்ள வைச்சிடுவாங்கள்” என்று மேசையில் தட்டிச் சொல்வேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். வதனி பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பாள்.

ஒக்டோபரில் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கிழமை விடுமுறை. அந்தக் காலத்தில் பிள்ளைகள் வயலில் கிழங்கு கிண்டப் போவார்களாம், அதனால் இன்றும் உருளைக்கிழங்கு விடுமுறை என்றுதான் பெயர். திங்கட்கிழமை வதனி என்னோடு பண்ணைக்கு வந்தாள். நான் கொட்டிலுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக்கொண்டிருந்தேன். படலை அடிக்கும் சத்தம் கேட்டது. உடனேயே இன்னொரு தரம் அடித்தது. வழக்கமாக ஒரு சத்தம்தான் வரும். ஏன் இரண்டு என்று நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வதனி முல்லேயை நடத்திக்கொண்டு வந்தாள். இடது தோளை வலது கையால் பொத்திப் பிடித்திருந்தாள்.

“விழுந்திட்டன் அப்பா. பின்பக்கத்து மணலிலதான். தோள் நோகுது.”

அழவில்லை. அதனால் நானும் பயப்படவில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கொமூன் என்கிற நகரசபைக்கு முதலே சொல்லிவைக்க வேண்டும். தோள் நோவுக்கு யார் அப்படிச் சொல்லிவைப்பார்கள்? எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். நோயாளியையே மொழிபெயர்ப்பாளர் ஆக்கினேன். பிள்ளை தண்ணீர் பட்ட பாடாய் டேனிஷ் கதைக்கிறாள் என்ற பெருமை வேறு. டொக்டர் தோளை அமத்தினார், கையைச் சுழற்றினார், எக்ஸ்ரே எடுத்தார். பிறகு தன் வயிற்றையும் விலாவையும் தொட்டுக் காட்டி நீளமாக ஏதோ கேட்டார். வதனி இல்லையென்று தலையாட்டினாள்.

“என்ன கேட்டவர்?”

“ஒண்டுமில்லை அப்பா. எலும்பு உடையேல்லையாம்.”

“இவ்வளவு நேரம் கதைச்சவர், நீ ஒரு வரி சொல்லுறாய்?”

“டேனிஷ் அப்பிடித்தான். நீளம்.”

நான் நம்பினேன். அந்த டொக்டரில் ஒரு பிழையும் இல்லை. அவரிடம் சொல்லப்பட்டது மணலில் விழுந்த கதை, அவர் பார்த்தது மணலில் விழுந்த பிள்ளையை.

செவ்வாயும் புதனும் அவள் சோபாவில் சுருண்டு கிடந்தாள். புஷ்பம் நல்லெண்ணெய் காய்ச்சித் தோளுக்குப் பூசினாள். வதனி ஸ்வெட்டரின் கழுத்தை மட்டும் இழுத்துக் காட்டினாள், கழற்ற விடவில்லை. பதினொரு வயதில் வெட்கம் வருவதுதானே என்று தாய் நினைத்தாள். சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் தமிழில் கேட்க, டேனிஷில் ஒரு சொல்லில் பதில் சொன்னாள். வியாழன் காலையில் குளியலறை வாசலில் ‘தொப்’ என்று சத்தம். ஓடிப்போய்த் தூக்கினால் உதடு வெள்ளைக் கடதாசி மாதிரி. அம்புலன்சுக்குப் போன் அடித்தது புஷ்பம்தான். மூன்று வருடமாக டேனிஷ் வகுப்பில் வாய் திறக்காதவள், அன்று எங்கள் விலாசத்தை ஒரு பிழையில்லாமல் சொன்னாள்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரே கொண்டுபோனார்கள். கட்டிலில் போட்டதும் தாதி கத்தரிக்கோலால் ஸ்வெட்டரை வெட்டினாள்.

இடது விலாவில், மேலிருந்து கீழாக, நேராக ஒரு கருநீலக் கோடு. தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை ஒரே அகலம்.

டொக்டர் நரைத்த கூந்தலைக் கட்டியிருந்த உயரமான பெண். அவர் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் கைகளைப் பார்த்தார். என்ன நினைக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். எங்களை வெளியே நிற்கச் சொன்னார். கதவுக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். டொக்டர் குனிந்து மெதுவாகக் கேட்கிறார், வதனி இல்லை இல்லையென்று தலையாட்டுகிறாள்.

“என்னப்பா கேக்கிறா? எங்களை ஏன் வெளியில விட்டவை?” என்று புஷ்பம் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

அந்தக் கோட்டின் அகலம் எனக்குத் தெரியும். நாற்பது மில்லிமீற்றர். அதில் என் கண் பிழைக்காது. திங்கட்கிழமை கேட்ட இரண்டாவது சத்தம் எது என்று அப்போது தெரிந்தது. முதல் சத்தம் முல்லேயின் பின்தொடையில் பட்ட அடி. இரண்டாவது, பாய்ந்த குதிரையிலிருந்து சரிந்த என் பிள்ளையை அந்தக் கைபிடி தூணோடு சேர்த்து அடித்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. தெரிந்த பிறகும் நான் பேசாமல் நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும். பிள்ளை விழுந்தேன் என்று சொல்கிறாள், அதுவே இருக்கட்டும் என்று ஒரு மனம் சொன்னது. வேலை, ஃபைல், பொலிஸ் எல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்குள் தலைக்குள் ஓடின. என்னையே நான் செருப்பால் அடிக்க வேண்டிய நிமிடம் அது.

டொக்டர் கதவைத் திறந்து, எனக்கு விளங்கும்படி ஆறுதலாகச் சொன்னார். வயிற்றுக்குள் இரத்தம் இருக்கிறது. மண்ணீரல் கிழிந்திருக்கிறது. மணலில் விழுந்தால் இப்படி ஆகாது. வேறு ஏதோ நடந்திருக்கிறது. அது இன்று நடந்தது என்றால் இப்போதே வயிற்றைத் திறக்க வேண்டும். சில நாள் பழையது, மெதுவாகக் கசிந்தது என்றால் பொறுத்துப் பார்க்கலாம். “எனக்கு உண்மை வேண்டும். எதனால் அடிபட்டது, எப்போது?”

என்னிடம் அவ்வளவு டேனிஷ் இல்லை. தாதியின் சட்டைப்பையிலிருந்த பேனையை நானே எடுத்தேன். அனுமதிப் படிவத்தின் பின்பக்கத்தில் படலையை வரைந்தேன். தூண், கப்பி, வயர், வாளி, கைபிடி. எனக்குக் கதைக்கத்தான் வராது, வரையத் தெரியும். கைபிடியைக் காட்டி, என் விலாவில் கையை நிறுத்தி, “திங்கட்கிழமை. இரும்பு. நான் செய்தது” என்று சொன்னேன். டொக்டர் பேனையை வாங்கிக் குதிரையில் ஒரு பிள்ளையை வரைந்து, “இங்கே இருந்தாளா?” என்றார். ஓம் என்று தலையாட்டினேன். வாளி எவ்வளவு பாரம் என்றார். முப்பது கிலோ என்று விரலால் காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். சிறுநீரகத்திலும் அடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது தப்பியிருந்தது. கலியாண வீட்டில் கதை சொன்னவர் இதைக் கவனிக்க வேண்டும்.

மண்ணீரல் இடது விலாவுக்குக் கீழே ஒளிந்திருக்கிற, உள்ளங்கையளவான ஓர் உறுப்பு. முழுக்க இரத்தம். கிருமிகளோடு சண்டை பிடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. பலமாக அடிபட்டால் உள்ளே கிழியும். சிலருக்கு அதன் மேலுறை இரண்டு மூன்று நாள் தாக்குப் பிடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், பிறகு உறையும் கிழிந்து வயிற்றுக்குள் ஒழுகும். கசிந்த இரத்தம் மேலே ஏறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையில் பட்டால், நோவு தோளில் தெரியுமாம். இரண்டுக்கும் ஒரே நரம்புவழி. வதனி தோள் நோகுது என்று சொன்னது பொய்யில்லை. புஷ்பம் இரண்டு நாள் எண்ணெய் பூசியது தோளுக்கு, நோய் இருந்தது வயிற்றில்.

மண்ணீரலை வெட்டி எடுத்தால் இரத்தம் நின்றுவிடும். ஆனால் அது இல்லாத பிள்ளைக்குச் சின்னக் கிருமியும் பெரிய ஆபத்தாகலாம். அதனால் முடிந்தவரை வைத்துக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார் டொக்டர். எந்த நேரமும் வெட்டத் தயாராக இருக்க வேண்டும், ஆகவே சாப்பாடு தண்ணீர் கிடையாது. எழும்பக் கூடாது, புரளக் கூடாது. இரத்தத்தின் பலத்தை, அதாவது ஹீமோகுளோபினை, இந்த நாட்டு அளவில் ஓர் எண்ணால் அளந்தார்கள். அவளுக்கு அது ஏழுக்கு மேல் இருக்க வேண்டும். வந்தபோது நாலு தசம் ஆறு. ஒரு பை இரத்தம் ஏற்றியதும் ஐந்து தசம் நாலு. “நாலரைக்குக் கீழே போனால் காத்திருக்க மாட்டோம்” என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் உலகத்தில் வேறு எண் இல்லை. வெள்ளி மத்தியானம் ஐந்து தசம் ஒன்று. பின்னேரம் நாலு தசம் எட்டு. தாதி இரத்தம் எடுக்கக் கைக்குப் பட்டி கட்டி அமத்தும் ஒவ்வொரு தரமும் புஷ்பம் தாதியின் முகத்தைப் பார்ப்பாள், நான் புஷ்பத்தின் முகத்தைப் பார்ப்பேன். உதடு காய்ந்தால் ஈரப் பஞ்சால் ஒத்தலாம், அவ்வளவுதான். கோல்டிங்கிலிருந்து ஒரு அண்ணையும் அக்காவும் புட்டும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த அக்கா என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, புஷ்பத்தின் தலையை வாரிப் பின்னிவிட்டுப் போனாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் வதனி கண்ணைத் திறக்காமலே, “அம்மா, குழம்பு மணக்குது” என்றாள். இரண்டு நாளில் அவள் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. புஷ்பம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்குப் போய் அழுதாள். அந்தப் புட்டை ஒருவரும் தொடவில்லை.

சனிக்கிழமை காலை நாலு தசம் ஏழு. மத்தியானம் திரும்ப எடுப்போம், அது சொல்லும் என்றார்கள். புஷ்பம் முகம் கழுவப் போயிருந்தாள். வதனி என் பக்கம் கண்ணைத் திருப்பினாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“அப்பா, யென்சுக்குத் தெரியுமோ?”

“என்ன பிள்ளை?”

“கேற்றிலதான் பட்டதெண்டு.”

“இன்னும் சொல்லேல்லை. ஏன் பிள்ளை மறைச்சனீ? டொக்டர் கேக்கேக்கையாவது சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் செய்த கேற்றுத்தானே. தெரிஞ்சா யென்ஸ் உங்களை வேலையால நிப்பாட்டிப் போடுவார். பிறகு எங்கட ஃபைலைத் திரும்ப அலுமாரிக்குள்ள வைச்சிடுவாங்கள்.”

என்னுடைய சொல், ஒரு எழுத்தும் மாறாமல்.

“அது சும்மா வாயடிச்சது பிள்ளை. அப்பிடி ஒண்டும் செய்யேலாது. நீங்கள் வந்தாச்சு. இனி ஒருதரும் திருப்பி அனுப்பேலாது.”

“அப்ப ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லுறனீங்கள்?”

அலுமாரிக்குள் நாலு வருடம் கிடந்தது என் பெயரிலுள்ள கடதாசி என்றுதான் நான் கத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் கிடந்தது அவள். திரும்ப அதற்குள் போகாமலிருக்க, மூன்று நாள் வயிற்றுக்குள் இரத்தம் ஒழுக ஒழுக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாள். முல்லேயின் காயத்தையும் தானே கழுவிவிட்டுத்தான் என்னிடம் வந்தாளாம், பிறகு சொன்னாள். நான் அவளுடைய காலில் முகத்தை வைத்து அழுதேன். கட்டில் ஆடக் கூடாது என்று அதையும் அடக்கித்தான் அழ வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில்தான் யென்ஸ் வந்தார். சப்பாத்தில் சேறு, கையில் ஒரு காகித உறை. அவர் இருக்க முதலே நான் எனக்குத் தெரிந்த டேனிஷில் சொல்லிவிட்டேன். என் படலைதான், என் கைபிடிதான், பிள்ளை எனக்காகப் பொய் சொன்னாள் என்று.

“தெரியும்,” என்றார் யென்ஸ். “முல்லே அந்தப் படலைக்குக் கிட்டப் போக மாட்டேன் என்று நடுங்குகிறாள். பின்தொடையில் தோல் உரிந்திருக்கிறது. வியாழக்கிழமையே வயரை வெட்டிவிட்டேன்.” தொப்பியைக் கையில் சுழற்றினார். “உனக்கு இரும்பு தெரியும், ராசா. குதிரை தெரிந்தவன் நான். நான் ஒரு தரமாவது குதிரையில் ஏறி அதற்குள்ளால் போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஊரைக் கூட்டிக் காட்டினேன், போய்ப் பார்க்கவில்லை.”

கட்டிலிலிருந்து வதனி டேனிஷில் கேட்டாள், அப்பாவுக்கு வேலை இருக்கிறதா என்று. யென்சின் முகம் காதுவரை சிவந்தது. “பாதி ஒட்டின தொட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அதை நானா ஒட்டுவது?” என்றார். உறைக்குள் முல்லேயின் வால்மயிர் கொஞ்சம், நாடாவில் கட்டியிருந்தது. அவருடைய மனைவி கொடுத்துவிட்டது. வதனி அதை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானத்து இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு மணித்தியாலம் ஆகும். யென்ஸ் போகவில்லை. புஷ்பம், நான், யென்ஸ் மூவரும் சுவரோரம் வரிசையாக இருந்தோம். டொக்டர் தானே வந்தார். கையில் சீட்டு.

“நாலு தசம் ஏழு.”

ஏறவில்லையே என்று புஷ்பம் என்னைப் பார்த்தாள். டொக்டர் அவளுடைய தோளைத் தொட்டு, “இறங்கவில்லை” என்றார்.

ஞாயிறு நாலு தசம் ஒன்பது. பின்னேரம் வதனிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்கள். அப்படி ஒரு ருசியோடு தண்ணீர் குடிக்கிறவரை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பத்து நாளில் வீட்டுக்கு விட்டார்கள். ஓடக் கூடாது, பாயக் கூடாது, மூன்று மாதத்துக்குக் குதிரைப் பக்கமே போகக் கூடாது.

ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்து, அரசாங்கமே பதவியை விட்டுப் போனது. சனிக்கிழமை எங்கள் குசினியில் கூரை பறந்தது. என் முறை வந்தபோது பழக்கத்தில் கை மேசைக்கு மேலே போனது. பக்கத்து அறையின் கதவு திறந்திருந்தது. கையை இறக்கி, தேத்தண்ணீர் ஊற்றுகிறேன் என்று எழும்பிவிட்டேன்.

அந்த மாதமே கடைசிச் சோதனை. இந்த முறை மொழிபெயர்க்க ஒரு அண்ணையை ஒழுங்கு செய்திருந்தேன். பனியில் அவருடைய கார் வந்து சேரவில்லை. டொக்டர் ஸ்கானைப் பார்த்து நீளமாகக் கதைத்தார். வதனியும் மூச்சுவிடாமல் நீளமாகச் சொன்னாள்.

“காயம் மாறிட்டுதாம். தழும்பு இருக்குதாம், அதால கரைச்சல் இல்லையாம். வயிறு நொந்தா மறைக்காமல் சொல்லட்டாம். நீங்கள் கீறின படத்தை இன்னும் வைச்சிருக்கிறாவாம். கடைசியா, அப்பா திரும்பக் குதிரையில ஏற விடுவாரோ எண்டு கேட்டவா. நான் ஓம் எண்டு சொல்லிப் போட்டன். அதையும் சொல்லுறன்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

படலையைத் திரும்பச் செய்தேன். பட்டை இரும்பை வெட்டி எறிந்தேன். அதற்குப் பதில் உருண்டைக் குழாய், வளைத்து, ரப்பர் சுற்றியது. வாளியின் பாரத்தைப் பாதியாக்கினேன். கடைக் கதவுகள் ஆறுதலாகச் சாத்துவதற்குப் போடுவார்களே, அந்த எண்ணெய் உருளை ஒன்றை யென்ஸ் எங்கிருந்தோ கொண்டுவந்தார். பழைய படலை மூன்று எண்ணுவதற்குள் சாத்திவிடும். ஒரு குதிரை முழுதாக வெளியே போக ஏழு எண்ண வேண்டும். புதியது பத்து எண்ண விடும். யென்ஸ் தன் பெரிய குதிரையில் ஏறி இருபது தரம் போய்வந்தார், நான் நின்று எண்ணினேன். குதிரை போகிற வழியில் தானாய்ச் சாத்துகிற படலை போடுகிற யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து நடந்து போய்ச் சோதிக்காதீர்கள். குதிரையில் ஏறிப் பாருங்கள். ஏறத் தெரியாவிட்டால் தெரிந்தவரை ஏற்றிப் பாருங்கள்.

மார்ச்சில் ஒரு நாள் வதனி முல்லேயின் மேல் ஏறினாள். புஷ்பம் பார்க்கமாட்டேன் என்று காருக்குள் இருந்துகொண்டாள். முல்லே படலைக்கு முன்னால் காலை ஊன்றி நின்றுவிட்டது. நான் ஓடிப்போய்ப் படலையை விரியத் திறந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“அப்பா, விடுங்கோ.”

“நீ போ பிள்ளை. நான் பிடிக்கிறன்.”

“நீங்கள் பிடிச்சுக்கொண்டு நிண்டா இவள் பழகமாட்டாள். விடுங்கோ.”

குனிந்து ரப்பர் கைபிடியை அவளே பிடித்தாள். முல்லேயின் கழுத்தில் தட்டி ஏதோ சொன்னாள். நான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டு எட்டுப் பின்னால் வந்து நின்றேன். முல்லே ஒரு காலை வைத்தது. வதனி படலையை முழுக்கத் தள்ளிக் கையை விட்டாள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். நாலில் குதிரையின் வயிறு தூணைத் தாண்டியது. ஏழில் வால். பத்தில் படலை தூணைத் தொட்டது. சின்னதாய் ஒரு சத்தம்.

இரண்டாவது சத்தத்துக்காக நான் பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டு நின்றேன். அது வரவில்லை.